நெய்யரியும் குறிப்பேடும்

பவணந்தி முனிவர் தாம் இயற்றிய நன்னூலில் மாணாக்கரை மூவகைப்படுத்திக் கூறுங்கால், கடைமாணாக்கர்க்கு உவமையாக நெய்யரியையும் ஒன்றாக வைத்தார் என்பது தமிழ் கற்பார் யாவரும் அறிந்ததே. நெய்யரியாவது பன்னாடை. உருக்கிய நெய்யை அதன்கண் வார்ப்பின் நெய் கீழே ஒழுகிப்போகக் கசடு மாத்திரம் அதனிடத்தே தங்கும். நல்லதனைக் கைவிட்டுத் தீயதனைப் பற்றிக்கொள்வதால் அஃது இழிந்தது என்பது ஆசிரியர் கருத்து. தலைமாணாக்கர்க்கு உவமையாகிய அன்னமோ நீரை ஒழித்துப் பாலை உண்ணும் என்பர். உற்று நோக்குவார்க்கு இவ்விரண்டின் தொழிலும் ஒன்றே, இரண்டும் பிரித்தெடுக்கின்றன. எதனை வைத்துக்கொள்வது என்பதிலேதான் வேறுபாடு.

இங்ஙனம் நெடுங்காலமாக இகழப்பட்டு வந்த நெய்யரிக்கு இந்நாளிலே ஒரு பெருமை வந்து வாய்த்திருக்கின்றது. கணினிகள் எழுதிவைக்கும் குறிப்பேடுகளை ஆராய்வார்க்கு வேண்டுவது அன்னம் அன்று, நெய்யரியே. 'செவ்வனே நடந்தது' என்னும் ஆயிரம் வரிகள் ஒழுகிப்போக, 'தவறிற்று' என்னும் ஒரு வரி தங்கவேண்டும். அத்தகைய நெய்யரியைச் 'சி' என்னும் நிரல்மொழியிற் செய்துகொள்ளும் வகையையும், அதனை எவ்விடத்தில் இடுதல் தகும் என்பதையும் பற்றி எமக்குத் தோன்றிய சில கூறப் புகுந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் சிறிது பொறுத்து வாசிப்பாராக.

கணினிக் குறிப்பேட்டை 'லாக்' என்று வழங்குவர். இச்சொல் கடலிலிருந்து கரையேறியது. முற்காலத்து மாலுமிகள் முடிச்சிட்ட கயிற்றின் நுனியிற் கட்டைத்துண்டொன்றைக் கட்டிக் கடலில் எறிந்து, குறித்த நேரத்துள் எத்துணை முடிச்சுகள் ஓடின என எண்ணிக் கப்பலின் விரைவை அறிந்து, அதனை ஓர் ஏட்டில் எழுதிவந்தனர். அக்கட்டையின் பெயரே ஏட்டிற்கும் ஆயிற்று. தாம்பரம் ரயில் நிலையத்தில் எவ்வண்டி எப்பொழுது வந்தது, எப்பொழுது போயிற்று என எழுதிவைப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தரமணியில் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டைடல் பூங்கா முதலாகச் சோழிங்கநல்லூர், சிறுசேரி வரையிலும், இப்பால் தாம்பரம் சானடோரியத்தை அடுத்த ஏற்றுமதி வளாகத்திலும், நம் கல்லூரிக் கணினிக்கூடத்திலுங்கூட, பொறிகள் இரவும் பகலும் இத்தகைய ஏட்டை எழுதிய வண்ணமே இருக்கின்றன. வாயிலைத் தட்டியவர் யார், உள்ளே விடப்பட்டவர் யார், எந்த வட்டு நிறைந்தது, எந்த வேலை இடையில் நின்றது என ஒவ்வொன்றற்கும் ஒரு வரி. அவ்வரிகளையெல்லாம் ஒருவர் கண்ணால் வாசித்து முடித்தல் இயலாது. ஆகலின் அரித்தல் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

இக்குறிப்புகளுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தவர் எரிக் ஆல்மன் என்பார். அவர் 1980-களில், 'சென்ட்மெயில்' என்னும் அஞ்சல் நிரலை ஆக்கிவந்த காலத்து, அதன் பொருட்டு 'ஸிஸ்லாக்' என்னும் முறையைச் செய்தார். பின்னர்ப் பிறரும் அதனை மேற்கொண்டனர். அம்முறையில் ஒவ்வொரு குறிப்பிற்கும் கடுமை பற்றிய படியொன்று உண்டு. பூச்சியம் முதல் ஏழு வரை எட்டுப் படிகள். பூச்சியம் பொறியே பயனற்றுப்போன பேரிடர், மூன்று பிழை, நான்கு எச்சரிக்கை, ஆறு வெறுஞ் செய்தி, ஏழு நிரல் செய்வார் தம் பொருட்டு இட்டுக்கொள்ளும் நுண்குறிப்பு. எண் சிறுத்தால் இடர் பெருக்கும். குறிப்பு எத்துறையினின்று வந்தது என்பதற்கும் ஓர் எண் உண்டு. துறையெண்ணை எட்டாற் பெருக்கிப் படியெண்ணைக் கூட்டி ஒரே எண்ணாக வரியின் தலையில் வைப்பர். ஒரு வரி 34 என்று தொடங்குமாயின், எட்டால் வகுக்க ஈவு நான்கு, மிச்சம் இரண்டு. நான்கு நுழைவுரிமை காக்கும் துறை, இரண்டு கடும் இடர். 'சி' மொழியில் இவ்வகுத்தலுக்கு ஒரு வரி நிரல் போதும். வாய்பாடு கற்ற சிறுவனும் இதனை உணர்வான்.

'சி' மொழி 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவரால் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டது. அதன்கண் அரிக்கும் நிரலின் உருவம் மிக எளிது. ஏட்டைத் திறக்க, ஒரு வரியைப் படிக்க, வேண்டும் சொல் உளதாயின் வெளியிடுக, இலதாயின் விடுக, ஏடு முடியுமளவும் மீண்டும் மீண்டும் செய்க. இதற்கென ஆயத்தமாக உள்ள 'கிரெப்' என்னும் கருவியைக் கென் தாம்ஸன் 1973-ஆம் ஆண்டிலேயே செய்து வைத்திருக்க, நாமே எழுதுவானேன் என்று கணினித்துறை நண்பர் கேட்பர். ஒரு வினாவிற்கு ஒரு விடை வேண்டுவார்க்கு அதுவே சாலும். 'ஒரே இடத்தினின்று ஒரு நிமிடத்துள் மும்முறை கடவுச்சொல் தவறியதா' என்று வினவுவார்க்கோ, முன் வரியை நினைவில் வைத்துப் பின் வரியை நோக்கும் நிரல் வேண்டும். தனிச் செய்யுளுக்கும் தொடர்நிலைச் செய்யுளுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

உருவம் எளிதாயினும் இடறுமிடங்கள் பல. தமிழ் மாணாக்கர்க்கு இதில் வேலையுண்டு என யாம் கூறியது இதுபற்றியே. ஏட்டில் 'பிழை' என்னும் சொல்லைத் தேடுக என்று நிரலுக்குக் கட்டளையிட்டால், அது 'பிழையில்லை' என்னும் வரியையும் எடுத்துக்கொண்டு வரும். தமிழில் எதிர்மறை சொல்லின் பின்னே வருவது. நிரலோ முன்னே கண்டதும் மகிழ்ந்து நின்றுவிடும். ஆங்கிலக் குறிப்புகளிலும் 'பிழைகள் 0' என்னும் வரி இவ்வாறே அகப்படுகின்றது. 'மணி' என்று தேடினால் தாம்பரத்தை அடுத்த மணிமங்கலமும் வந்து நிற்கும். சொல்லின் எல்லையை அறியாது எழுத்தின் தொடர்ச்சியை மாத்திரம் நோக்குவதால் வரும் கேடு இது. புணர்ச்சி இலக்கணம் படித்தவர் இதனை முன்னரே எதிர்நோக்குவர்.

இனி, எழுத்தளவிலேயே மற்றொரு சூழ்ச்சி உளது. 'கொ' என்னும் எழுத்தை யூனிகோடு முறையில் இருவகையாக எழுதலாம்: ஒகரக்குறியை ஒன்றாகவே வைத்து எழுதுதல் ஒன்று, ஒற்றைக்கொம்பும் காலும் எனப் பிரித்து வைத்தல் மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்களை ஒப்புநோக்கும் 'சி' நிரலுக்கோ அவை வெவ்வேறு. ஒருவர் ஒருவகையாற் பதிந்த பெயரை மற்றொருவர் மற்றொருவகையால் தேடின், 'இல்லை' என்றே விடை வரும். ஏட்டிற் பெயர் இருந்தும் இல்லாததாயிற்று! சுவடிகளில் ரகரத்தையும் காலையும் வேறுபாடின்றி எழுதிய காலத்துப் பதிப்பாசிரியர் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அங்கே ஓர் உருவிற்கு இரண்டு எழுத்து. இங்கே ஓர் எழுத்திற்கு இரண்டு உரு.

காலத்தைக் கொண்டு அரிப்பதிலும் கருத்து வேண்டும். பழைய ஸிஸ்லாக் வரிகளில் திங்களின் பெயரும் நாளும் மணியும் உண்டு. ஆண்டும் இல்லை, எந்நாட்டு நேரம் என்பதும் இல்லை. திங்களின் பெயரை அகரவரிசைப்படி ஒப்புநோக்கினால் ஏப்ரல் ஜனவரிக்கு முன்னே போய்விடும். நம் திங்கள்களை அகராதி முறையில் அடுக்கினால் ஆடி முதலாகவும் சித்திரை ஆறாவதாகவும் நிற்பது போன்றது இது. கிரீனிச் நேரத்தில் எழுதப்பட்ட வரியைத் தாம்பரத்தில் இருந்து படிப்பவர் ஐந்தரை மணியைக் கூட்ட மறப்பின், நள்ளிரவில் நடந்தது மாலையில் நடந்ததாகத் தோன்றும். 2009-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட புதிய ஸிஸ்லாக் முறையில் ஆண்டும் நேர வேறுபாடும் சேர்க்கப்பெற்றன. பழைய முறையில் எழுதும் பொறிகள் இன்னும் உள.

மற்றோர் இடறு: வரியைப் படித்து வைக்கும் கொள்கலம் 256 எழுத்தளவினதாகவும் வரி முந்நூறு எழுத்தளவினதாகவும் இருப்பின், 'எஃப்கெட்ஸ்' என்னும் ஏவல் வரியை இரண்டாகத் தறித்துக் கொடுக்கும். பின் துண்டிற்கு நாளும் இல்லை, பெயரும் இல்லை. தலையற்ற உடல் தனி வரியாக நடமாடும்.

நிற்க. லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலனவற்றில் இக்காலத்து வழங்கும் 'ஸிஸ்டம்-டி' தொகுதியின் 'ஜர்னல்' இவ்விடறுகளிற் சிலவற்றை நீக்குகின்றது. அதில் குறிப்பு ஒரே வரியாக இராது. படி, நிரலின் பெயர், செய்தி எனப் புலம் புலமாகப் பிரிந்து நிற்கும். 'சி' நிரலானது 'இப்புலத்தில் இம்மதிப்பு உள்ளனவற்றைத் தருக' என்று கேட்கும். மதிப்பு முழுதும் ஒத்தாலன்றி வாராது. ஆகலின் 'பிழை' என்ற மதிப்பைக் கேட்டால் 'பிழையில்லை' வந்து புகாது. இதில் எம் உள்ளத்தைக் கவர்ந்தது நிபந்தனைகளை எண்ணும் முறையே. ஒரே புலத்திற்கு இரண்டு மதிப்புகளைக் கூறினால், இரண்டில் ஒன்று பொருந்தினும் போதும் என அது கொள்ளும். வெவ்வேறு புலங்களைக் கூறினால் எல்லாம் ஒருங்கே பொருந்தவேண்டும் எனக் கொள்ளும். 'கடற்கரைக்குச் செல்வனவும் செங்கற்பட்டுக்குச் செல்வனவும் காட்டுக' என்று தாம்பரம் நிலையத்தில் ஒருவர் கேட்டால், இரு திசைக்கும் ஒருங்கே செல்லும் வண்டியை அவர் கேட்டார் என யாரும் நினையார். 'காலையிற் புறப்பட்டுக் கடற்கரைக்குச் செல்வன' என்றால் இரண்டும் பொருந்தியதையே எடுப்பர். முன்னதற்கு எண்ணும்மையையும் பின்னதற்கு வினையெச்சத்தையும் தமிழ் வைத்திருக்கின்றது. உம்மை வந்த இடமெல்லாம் ஒரே பொருள் என்று கொள்பவர் எழுதும் சல்லடை ஒன்றையும் பிடியாது, அல்லது எல்லாவற்றையும் பிடிக்கும். எதிர்மறை மாத்திரம் இந்த ஜர்னலின் ஏவல்களில் இல்லை. 'இஃது அல்லாதன தருக' என்பார் அதனைத் தம் நிரலிலே தாமே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

மேலும், அடிக்கோட்டுக் குறியொடு தொடங்கும் புலங்களை ஜர்னல் தானே சேர்க்கின்றது. குறிப்பை அனுப்பும் நிரல் அவற்றை மாற்ற இயலாது. நூலாசிரியன் தன் நூற்குத் தானே சிறப்புப்பாயிரம் செய்தல் மரபன்று என நம் முன்னோர் விதித்ததும் இதுபற்றியே போலும். தன்னைப் பற்றித் தான் சொல்வதையும் பிறர் சான்று கூறுவதையும் வேறு பிரித்து வைத்தால், அரிப்பவர் எதனை நம்புவது என்று அறிவர்.

இனி எமது கருத்திற்கு வருவாம். அரித்தல் இரண்டிடத்தில் நிகழலாம். ஏட்டிற் புகுமுன் வாயிலிலேயே தடுத்தல் ஒன்று. எல்லாம் எழுதப்பட்ட பின் வாசிக்குங்கால் தெரிந்தெடுத்தல் மற்றொன்று. முன்னதற்குச் 'சி' மொழியில் 'செட்லாக்மாஸ்க்' என்னும் ஏவல் உண்டு. 'நான்காம் படி வரை போதும்' என்று நிரலின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், அதன்பின் அந்நிரலின் ஐந்தும் ஆறும் ஏழும் எங்கும் எழுதப்படா. ஏடு மெலியும், வட்டு நிறையாது, வாசிப்பார்க்கு எளிது. பலரும் இவ்வழியையே விரும்புகின்றனர். யாம் விரும்புகின்றிலேம்.

ஏனெனில், வாயிலில் அரிப்பவன் வினா எழுமுன்னரே விடையைத் தெரிந்தெடுக்கின்றான். எந்த வரி பின்னர் வேண்டப்படும் என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? வட்டு நிறைந்து பொறி நின்றது என்னும் பூச்சியப் படிக் குறிப்பு கடைசியில் வருவது. அதற்கு மூன்று நாள் முன்னதாக 'பழைய கோப்புகளை நீக்கும் வேலை இன்று தொடங்கவில்லை' என்று ஆறாம் படியில் ஒரு வரி அமைதியாக வந்திருக்கும். நோயின் பெயர் முதலதில் உளது. காரணம் பின்னதில் உளது. மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், களைகளைப் பிடுங்கப் புறப்பட்ட வேலைக்காரரை வீட்டெஜமான் தடுத்து, அறுப்புக் காலம் வரைக்கும் இரண்டையும் ஒருங்கே வளரவிடச் சொன்னான். களை இன்னதென அவனுக்குத் தெரியாததன்று. பிடுங்குபவர் கை கோதுமையையும் சேர்த்துப் பறிக்கும் என்பதையும் அவன் அறிந்திருந்தான்.

எம் ஊர்ப்புறத்தினர்க்கு இதனை விளக்கப் பிற உவமை வேண்டா. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த மழை, தாம்பரத்தில் மாத்திரம் ஒரு நாளளவில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. அதன்பின் மக்களும் மன்றங்களும் தணிக்கையாளரும் எழுப்பிய வினா, 29,000 என்னும் எண்ணைப் பற்றியது மாத்திரமா? எந்நேரத்தில் எவ்வளவு நீர் இருந்தது, எந்நேரத்தில் எவ்வளவு திறக்கப்பட்டது, முன்னரே சிறுகச் சிறுகத் திறந்திருக்கலாகாதா என்பதன்றோ? அவ்வினாவிற்கு விடை பெரிய எண்களில் இல்லை. எவரும் அஞ்சாத நேரத்தில் எழுதப்பட்ட சிறிய எண்களில் உளது. 'இத்துணைக்கு மேற்பட்ட அளவை மாத்திரம் எழுதுக' என ஓர் எழுத்தருக்கு ஆணையிட்டிருந்தால், வெள்ளம் ஏட்டில் திடீரென வானினின்று குதித்ததாகவே இருக்கும். கணினியின் குறிப்பேடு ஏரியின் குறிப்பேட்டைப் போல் உயிர்களைக் காப்பதன்று எனச் சிலர் கூறலாம். மருத்துவமனைகளும் மின்னிலையங்களும் இன்று எதனைக் கொண்டு நடக்கின்றன என்று அவர் எண்ணிப் பார்ப்பாராக.

எல்லாவற்றையும் எழுதினால் இடமும் பொருளும் செலவாகும் என்பது உண்மையே. ஏழாம் படி நுண்குறிப்புகளை, நிரல் செப்பமாகி வேலைக்கு வந்தபின் வாயிலில் தடுப்பதை யாம் மறுக்கவில்லை. அவை தச்சன் மரத்தில் இட்ட கரிக்கோடு போல்வன. ஆறாம் படி வரையேனும் உள்ளே விடுக என்பதே எம் வேண்டுகோள். எத்துணை நாள் வைத்திருப்பது என்பதற்கும் இந்நாட்டில் ஓர் அளவு ஏற்பட்டுள்ளது. கணினி இடர்களை நோக்கும் இந்திய அரசின் 'செர்ட்-இன்' என்னும் அமைப்பு, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி இட்ட ஆணையில், நிறுவனங்கள் தம் கணினிக் குறிப்பேடுகளை 180 நாள் காத்து வைக்கவேண்டும் என்றும், குறித்த வகை இடர்களை அறிந்த 6 மணி நேரத்துள் தெரிவிக்கவேண்டும் என்றும் விதித்தது. கடிகாரங்களைத் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் முதலியவற்றின் நேரத்தோடு ஒத்துவைக்கவேண்டும் என்பதும் அதன்கண் உளது. 180 நாள் காக்க என்று விதித்தவர் எதனை எழுதுக என்பதனையும் அத்துணை விளக்கமாக விதித்திலர். வாயிலில் முற்றும் அரித்துவிட்டு, எஞ்சிய உமியை 180 நாள் பூட்டிக் காப்பவர் கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்கியவரை ஒப்பர்.

ஆயினும் ஒருவகைப் பொருளை ஏட்டிற் புகவே விடலாகாது. அது கடவுச்சொல் முதலிய மறைபொருள். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாளில் டுவிட்டர் எனப்பட்ட நிறுவனம், பயனாளரின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமலே தன் உட்குறிப்பேடொன்றில் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, 33 கோடி பயனாளரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டியது. இதனைப் பின்னர் அரித்தெடுத்துப் பயனில்லை, எழுதியதே தவறு. இங்கே வேண்டுவது சல்லடையன்று, நாவடக்கம்.

இதனினும் எம்மை வருத்துவது வேறொன்று. பிழையைத் தேடும் நெய்யரியையும் ஆளைத் தேடும் நெய்யரியையும் வேறுபடுத்துவது நிரலில் ஒரே ஒரு சொல். 'மூன்றாம் படிக்கு மேற்பட்டன' என்ற இடத்தில் ஒரு மாணவியின் நுழைவுப்பெயரை இட்டால், அவள் எந்த இரவில் எத்துணை மணிக்கு எந்தத் தளத்தைத் திறந்தாள் என்பது வரிசையாக வந்து நிற்கும். விடுதியிற் பயிலும் மாணாக்கர் அனைவரும் ஏதேனும் ஒரு வலைப்பின்னலின் குறிப்பேட்டில் இருக்கின்றனர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தனர். தனிமனிதரின் மின்னணுத் தரவைக் காக்கும் சட்டமும் 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இவை நன்று. சட்டம் விடுதிக் கணினியறையின் கதவு வரை வந்து நிற்கும். உள்ளே நிரலை எழுதுபவர் கை எதனைத் தேடுகின்றது என்பதை அது நாள்தோறும் பார்த்துக்கொண்டிராது. எல்லாம் எழுதப்படுக என்று வாதிடுகின்ற எம்மவர்க்கே, எழுதப்பட்டதை யார் எதற்காக வாசிக்கின்றார் என்று கேட்கும் கடமை மிகுதியும் உரியது. எழுதுவதைக் குறைத்து இதனைத் தீர்க்கலாம் என்பாரும் உளர். ஏட்டைக் கிழித்தால் ஒற்றனும் போவான், மருத்துவனும் போவான்.

ஆதலின் கல்லூரிகளுக்கு யாம் வேண்டுவன இரண்டே. கணினித்துறையினரும் தமிழ்த்துறையினரும் ஒருங்கிருந்து, பெயர்கள் நீக்கப்பெற்ற பழைய குறிப்பேடொன்றை இரு துறை மாணாக்கர்க்கும் கொடுத்து, ஒரு பருவத்திற்கு ஒருமுறையேனும் அரிக்கச் செய்க. உம்மையும் எதிர்மறையும் சொல்லெல்லையும் அறிந்தவர் ஒருபுறமும், கொள்கலத்தின் அளவை அறிந்தவர் மறுபுறமும் அமர்க. மற்றொன்று: ஒருவர் பெயரைக் கொண்டு ஏட்டை அரிக்கும் எந்த நிரலும், தான் தொடங்கும்பொழுதே, தன்னை இயக்குபவர் யார், எந்நாள், எப்பெயரைத் தேடினார் என்று அதே ஏட்டில் ஒரு வரி எழுதிவிட்டே மேற்செல்லுமாறு அமைக்க. 'சி' மொழியில் அதற்கு 'ஸிஸ்லாக்' என்னும் ஏவல் ஒன்றே சாலும். படி ஐந்தாக இருக்கட்டும். வாயிலில் எவரும் அதனைத் தடுக்காதிருக்கட்டும்.